மாற்று ஆட்டக்காரி

எடுத்துவிட வேண்டியதுதான்.

மைதானக் கோட்டோரம் மேனேஜர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

மாநில மகளிர் கால்பந்து லீக்கின் இறுதிப் போட்டி. அவளுடைய கடலூர் அணி ஒரு கோல் முன்னால் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தால் கோப்பை. மேனேஜராக அவளுக்கு அது முதல் கோப்பை.

எதிரணியின் இடதுபக்கத்துப் பெண் மறுபடியும் எழிலரசியைத் தாண்டிப் போனாள். பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது.

எழில்தான் கேப்டன். தடுப்பாட்டக்காரி. வலது முட்டியில் கட்டு. இதுதான் அவளுக்குக் கடைசி சீசன் என்று அணியில் எல்லோருக்கும் தெரியும்.

மேனேஜரும் ஒரு காலத்தில் அதே இடத்தில் ஆடியவள். பேப்பரில் படம் வந்தால், யாரோ கோல் அடித்துக் குதிக்கும் படத்தின் ஓரத்தில் பாதி முகமாக இருப்பாள். அதில் அவளுக்குக் குறையே இல்லை. ஓடி வருகிறவளின் காலிலிருந்து பந்தைச் சுத்தமாக எடுக்கும் அந்த நொடி போதும்.

கடைசி ஆட்டம்தான் உறுத்தல்.

ஆட்டத்தின் நடுவில், ஆள் மாற்றும் எண் பலகை உயர்ந்தது. அவளுடைய எண். வேறு யாருக்கோ என்று நினைத்து நின்றுகொண்டிருந்தாள். நடுவர் கைகாட்டிய பிறகே புரிந்தது. வெளியே வந்தபோது கோச் அவள் பக்கம் திரும்பவில்லை.

பிறகு சில வருடங்கள் ரயில்வே கவுண்டரில் டிக்கெட் கொடுத்தாள். டிவியில் கால்பந்து வந்தால் சேனலை மாற்றினாள்.

ஒரு சாயங்காலம் மஞ்சக்குப்பம் மைதானத்தைக் கடக்கும்போது ஒரு பந்து காலடிக்கு உருண்டு வந்தது. திருப்பி உதைத்தாள்.

அவ்வளவுதான். ஆட்டத்துக்கே திரும்பி வந்துவிட்டாள்.

இப்போது மைதானத்தில் யாரோ கால் பிசகி விழ, ஆட்டம் நின்றது. பலகை தூக்கச் சொல்வதற்கு முன் கூப்பிட்டாள்.

“எழிலு, இங்க வா.”

எழில் நொண்டாமல் நடக்கப் பார்த்தாள்.

“முட்டி எப்பிடிடி இருக்கு?”

“நல்லாதாங்க்கா இருக்கு.”

“எங்கிட்டயேவா?”

எழிலின் கை முட்டிக் கட்டுக்குப் போனது.

“உன்ன எடுக்கப் போறேன். நீ வேணாம்னு இல்ல. அந்தப் பொண்ணு ஓட்டத்துக்கு இன்னிக்கு உன்னால முடியல. உங்கிட்ட சொல்லிட்டுதான் எடுக்கணும்னு கூப்ட்டேன்.”

எழில் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். கேப்டன் பட்டையைக் கழற்றினாள்.

“கோல் வுட்டா உங்ககூட பேச மாட்டேங்க்கா.”

“சரி.”

பெஞ்ச் முழுவதும் எழுந்து கைதட்டியது. எழிலின் இடத்துக்கு மாற்று ஆட்டக்காரி நிலோஃபர் உள்ளே ஓடினாள்.

ஆட்டம் தொடங்கியதும் பந்து நேராக அந்த இடதுபக்கத்துப் பெண்ணிடமே போனது. நிலோஃபரை நெருங்கிப் போகச் சொல்ல மேனேஜர் வாயைத் திறந்தாள்.

அதற்குள் பக்கத்திலிருந்து ஒரு கத்தல்.

“நிலோ! கிட்ட போவாத! உள்பக்கம்தான் வெட்டுவா, அங்க நில்லு!”

நிலோஃபர் நின்றாள். அந்தப் பெண் பந்தோடு உள்பக்கம் வெட்டித் திரும்பினாள். பந்து நிலோஃபரின் காலுக்கு வந்து சேர்ந்தது.

எழில் உட்காரவே இல்லை. கோட்டோரம் நின்று கத்திக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றும் சரியாக இருந்தது.

பலகை வைத்திருந்த அதிகாரி வந்தார்.

“மேடம், கோட்டுகிட்ட நின்னு ஒருத்தர்தான் சொல்லணும். யாராச்சும் ஒருத்தர் உக்காருங்க.”

“சாரிக்கா,” என்று எழில் பின்வாங்கினாள்.

அவள் எழிலின் ஈரத் தோளைப் பிடித்து அங்கேயே நிறுத்தினாள்.

பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தாள். கால்களை நீட்டிக்கொண்டாள். அங்கிருந்து மைதானம் பாதிதான் தெரிந்தது. மீதியை எழிலின் முதுகு மறைத்தது.

கடைசி விசில் ஊதியபோதும் ஒன்றுக்குப் பூஜ்யம்தான்.

எல்லோரும் கத்திக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினார்கள்.

எழில் ஓடவில்லை. நிலோஃபரைப் பிடித்து நிறுத்தி, எங்கே நின்றிருக்க வேண்டும் என்று விரலால் காற்றில் கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள்.

கோப்பை வாங்க மைக்கில் அழைத்தார்கள்.

மேனேஜர் பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவில்லை. எழிலும் நிலோஃபரும் பேசி முடிக்கட்டும்.