உதட்டில் ஒட்டாத சூப்

"இந்த மாசக் கடைசிக்குள்ள வீட்டைக் காலி பண்ணிடுங்கம்மா. சுத்த சைவ அபார்ட்மெண்ட்ல ஆட்டுக்கால் சூப்பா? என்ன தைரியம்!"

செகரட்டரி சிவசங்கர் போட்ட சத்தத்தில் அந்தத் திருவானைக்காவல் அபார்ட்மெண்ட்டின் மூணு மாடியிலும் கதவு திறந்தது.

அவர் தனியாக வரவில்லை. பொருளாளர் நவநீதன், மேல்வீட்டு டீச்சர் தேவதர்ஷினி என்று கமிட்டியையே கூட்டி வந்திருந்தார். தண்ணீர்த் தொட்டி கழுவக் கூப்பிட்டால் ஒருத்தரும் வர மாட்டார்கள். ஒரு குடும்பத்தைத் துரத்துவதென்றால் மட்டும் ரெண்டே நிமிஷத்தில் ஆள் சேர்ந்துவிடும்.

பெலிண்டா கரண்டியும் கையுமாக நின்றாள். உள்ளறையில் மாமியார் அற்புதம்மாள். குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பில் ஆபரேஷன் ஆகி இருபது நாள்தான் ஆகிறது. படுத்த படுக்கையாக இருப்பவரைத் தூக்கிக்கொண்டு எங்கே போய் வீடு தேடுவது?

"சார், அது ஆட்டுக்கால் இல்லைங்க. முடவாட்டுக்கால் கிழங்கு. கொல்லிமலையில விளையுறது. துறையூர்ல இருந்து வாங்கிட்டு வந்தோம். எலும்புக்கு நல்லதுன்னாங்க. மிளகு சீரகம் தட்டிப் போட்டா ஆட்டுக்கால் சூப் மாதிரியே மணக்கும்."

"யாரு காதுல பூ சுத்துறீங்க?"

"சத்தியமா சார். இது தவக்காலம். ஈஸ்டர் வரைக்கும் எங்க வீட்டுல கறியே கிடையாது. கால் சூப் குடிச்சா எலும்பு சீக்கிரம் கூடும்னு சொல்லிப் பார்த்தோம். எங்க அத்தை, செத்தாலும் தவக்காலத்துல தொட மாட்டேன்னுட்டாங்க. அதனாலதான் கிழங்கு."

குப்பைக் கூடையிலிருந்து முடி முடியாக இருந்த கிழங்குத் தோலை எடுத்துவந்து காட்டினாள்.

"தோலு கிழங்குதான். உள்ள காலையும் சேர்த்துப் போடலைன்னு என்ன நிச்சயம்?"

"அப்ப ஒரு வாய் குடிச்சுப் பார்த்துச் சொல்லுங்க சார்."

மூணு பேரும் ஆளுக்கு ஓரடி பின்னால் நகர்ந்தார்கள்.

பின்னே? குடித்து, அது ஆட்டுக்காலாக இருந்துவிட்டால் பாவம். இல்லை என்று சொல்வதற்கோ, ஆட்டுக்கால் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். பிறந்ததிலிருந்தே சைவம் என்று மார்தட்டுகிறவர்கள் எதை வைத்துத் தீர்ப்புச் சொல்வார்கள்?

உள்ளேயிருந்து அற்புதம்மாளின் முனகல் கேட்டது. நவநீதனுக்கு மனசு கேட்கவில்லை.

"குடும்மா இப்படி."

அவள் டம்ளரில் ஊற்றிக் கொடுத்ததை ஒரு வாய் குடித்தார். உதட்டை மூடித் திறந்து பார்த்தார். மறுபடி மூடித் திறந்தார்.

"இது ஆட்டுக்கால் இல்ல சார்."

"எப்படிச் சொல்றீங்க?"

நவநீதன் தரையைப் பார்த்தார். "ஆட்டுக்கால்னா ரெண்டு உதடும் ஒட்டிக்கும். இது ஒட்டலை."

"ஐயையோ! நவநீதன் சார், நீங்களா?" டீச்சர் நெஞ்சில் கை வைத்தார்.

"ஒரே ஒரு தடவைதாங்க. ஆபீஸ் டூர்ல."

சிவசங்கருக்குக் கோபம் தலைக்கேறியது. "என்னய்யா பெரிய கண்டுபிடிப்பு? குக்கர்ல நாலு விசில் விட்டு இறக்கினா எந்தக் காலும் ஒட்டாது! சிறு தீயில நாலு மணி நேரம் கிடக்கணும். அப்பத்தான் எலும்புல இருக்குற சத்தெல்லாம் இறங்கிப் பசை பிடிக்கும்!"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். கடித்து என்ன பிரயோஜனம்?

"நாலு மணி நேரம் கிடக்கட்டும் சார். முதல்ல நெருப்புல வாட்டி நல்லாச் சுரண்டணும். இல்லைன்னா முடி வாடை வரும்," என்று டீச்சர் டம்ளரைப் பிடுங்கி ஒரு மடக்குக் குடித்தார். "ம்ஹூம். அந்த வாடையும் இல்ல, மஜ்ஜை ருசியும் இல்ல. கிழங்குதான்."

ரெண்டு ஆண்களும் அவரையே பார்த்தார்கள்.

"என்ன பாக்குறீங்க? எனக்கு ரத்தம் கம்மி. டாக்டர் சொன்னாரு."

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. முன்னங்கால்தான் ருசி, அதுவும் பாலக்கரைக் கடையில வாங்கினா என்றார் நவநீதன். சளிக்கு அதை அடிச்சுக்க ஒண்ணு கிடையாது என்றார் டீச்சர். முட்டி வலி ஓடிப்போகும், முடி கொட்டுறதும் நிக்கும் என்றார் சிவசங்கர். அவர் வழுக்கையைப் பார்த்துவிட்டு மற்ற ரெண்டு பேரும் அதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

பெலிண்டா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "சார், நாங்க வீட்டைக் காலி பண்ணணுமா?"

"சேச்சே! எதுக்கும்மா? இது சுத்த சைவம்னு கமிட்டியே ஏகமனதா சொல்லிடுச்சே!" என்ற சிவசங்கர், நவநீதன் பக்கம் திரும்பினார். "பாலக்கரையில எந்தக் கடைங்க? வாட்டியே குடுத்துடுறாங்களா?"

நவநீதன் வாயைத் திறப்பதற்குள் உள்ளறையிலிருந்து அற்புதம்மாளின் குரல் வந்தது.

"ஏம்மா பெலிண்டா! தவக்காலமும் அதுவுமா நம்ம வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டு யாரு அது, கறி, காலு, மஜ்ஜைன்னு பேசிக்கிட்டே இருக்குறது? அந்த ஆளுங்களை வெளியில போகச் சொல்லு. கேக்குறதே பாவம்!"