எலுமிச்சம்பழங்களைத் தாண்டி

புலம்பெயர்ந்த தமிழர்களின் கடைத்தெருவான லா சப்பலில் காலையிலிருந்து பனி கொட்டுகிறது. கோயில் வாசலில் பூசை முடிந்து, ஐயர் சில்லுகளின் கீழ் வைத்த நான்கு எலுமிச்சம்பழங்களையும் நசுக்கிக்கொண்டு எடுப்பாகப் புறப்பட்ட கிருஷிகனின் புதுக் கார், பிரேக்கை மிதித்த பிறகும் சத்தமே இல்லாமல் வழுக்கி வந்து, இப்போது தெருமுனையில் கோணலாக நிற்கிறது. அதன் மூக்குக்கும் அவன் மனைவி லக்ஷனாவின் முழங்காலுக்கும் இடையில் ஒரு சாண்தான். ஊருக்கு அனுப்பவென்று படம் பிடித்துக்கொண்டிருந்தவள் கைபேசியை இன்னும் இறக்கவில்லை. அவள் இடுப்பில் இருக்கும் பிள்ளை, கண்ணாடித் துடைப்பான் போய்வருவதையே பார்க்கிறது. முன்கண்ணாடியில் பூசிய சந்தனம் ஈரத்தில் கரைந்து வழிகிறது. எஞ்சின் மெல்ல உறுமுகிறது. கிருஷிகனுக்குப் பயமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் கைகள் வேறு யாருடையவையோ போல் இருக்கின்றன.

பூக்கடைக்காரர் பாலேந்திரன் குனிந்து சில்லைப் பார்க்கிறார். "தம்பி, உது கோடை ரயர் எல்லே?"

"நாலு சில்லும் இழுக்கிற கார் அண்ணை. பனியிலையும் போகுமெண்டுதான் மாத்தேல்லை."

"போகும். நிக்கிறதுக்கு ரயர்தானே வேணும்."

லக்ஷனா கைபேசியைப் பைக்குள் போடுகிறாள். பின்கதவைத் திறந்து பிள்ளையின் தொப்பியை மட்டும் எடுக்கிறாள். "நாங்கள் ரெயினிலை போறம்" என்கிறாள், சோறு போடட்டோ என்று கேட்கிற அதே குரலில். அவர்கள் நடந்த தடத்தைப் பனி மூடத் தொடங்குகிறது. கார் எப்போதோ நின்றுவிட்டது. கிருஷிகனின் கால் இன்னும் பிரேக்கை அழுத்திக்கொண்டுதான் இருக்கிறது.