சத்தம் போடாத பெட்டி

"இந்தச் சத்தம் நிக்கணும் வினோலியா. எப்படியாவது நிக்கணும்."

ஆட்டோவில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த கம்ப்யூட்டர் பெட்டியை வால்டர் மேஜைமேல் இறக்கினார். ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் வினோலியாவின் ரிப்பேர் கடைக்கு அவர் வருவது இதுதான் முதல் தடவை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பார்க்கிற பழக்கம்தான்.

வினோலியா ஸ்விட்சைப் போட்டாள். பெட்டி மாவு மெஷின் மாதிரி இரைந்தது.

"இதுல இன்னா அங்கிள் அரைக்கிறீங்க?"

"சீட்டாடறேம்மா. பையன் துபாய் போறப்போ விட்டுட்டுப் போனான். வீட்டுல எனக்கு ஜோடி அதுதான். அதுவும் கள்ளாட்டம் ஆடுது."

வினோலியா சிரித்துக்கொண்டே பவர் சப்ளையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"தூக்கிப் பாருங்க. காலி பிஸ்கட் டப்பா மாதிரி இல்ல?"

மூடியைத் திறந்து டார்ச் அடித்தாள். "ஸ்டிக்கர்ல நானூத்தம்பது வாட்ஸ்னு போட்டிருக்கு. பாதி தாங்கினாலே பெரிசு. இங்க கரண்டை வடிகட்டுற காயில் இருக்கணும். அந்த இடத்துல வெறும் கம்பியை வெச்சி ஈயத்துல பத்த வெச்சிருக்கான். சூட்டை இழுக்கிற தகடு அப்பளம் கனம்கூட இல்ல. கெபாசிட்டர் வேற உப்பிடுச்சி. அந்தச் சூடு தாங்காமதான் ஃபேன் இந்தக் கத்து கத்துது. இது வெடிக்காம இருந்ததே கர்த்தர் கிருபை."

வால்டர் குனிந்து பார்த்துத் தலையாட்டினார். ஊர்த் தங்க மைன்ஸ் மூடும்வரை ஷாஃப்ட் குழியில் ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜ் கூண்டை இயக்கியவர். மெஷின் எதுவானாலும் அவருக்குப் புரியும். புரியாதது பக்கத்து வீடுதான்.

"சத்தத்தால உங்களுக்குத் தூக்கம் வரலியா அங்கிள்?"

"எனக்கு இல்லம்மா. பக்கத்து வீட்டு ஐடாவுக்கு. தெனம் படுக்கிற நேரத்துல சுவத்துல ஒரு தட்டு தட்டறாங்க. கேஜ் ஓடறப்போ மணி ஒண்ணு அடிச்சா 'நிறுத்து'ன்னு அர்த்தம். அவங்க வீட்டுக்காரரும் மைன்ஸ்தானே, அவங்களுக்குத் தெரியாதா? ஒடனே ஆஃப் பண்ணிடுவேன்."

"நேர்ல ஒரு வார்த்தை பேசிடலாமே?"

"நான் பொண்டாட்டி போனவன். அவங்க புருஷன் போனவங்க. போய்க் கதவைத் தட்டினா ஊரு இன்னா பேசும்?"

வால்டர் குரலைத் தாழ்த்தினார்.

"பெங்களூர்ல இருக்கிற அவங்க மக லவினா போன வாரம் வந்திருந்தா. 'அங்க வந்து நிம்மதியா தூங்கும்மா'ன்னு அவ சொல்றது எங்க வீட்டுக்கே கேட்டுச்சி. லைன் வீடு, ரெண்டு வீட்டுக்கும் ஒரே சுவர் இல்லியா? இந்தச் சத்தத்தாலதான் கெளம்பறாங்க. ஊரிகம் பக்கம் எங்க லைன்ல இப்போ வெளக்கு எரியறது ரெண்டே வீடு. அவங்களும் போய்ட்டா..."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வினோலியாவுக்கு மனசு கேட்கவில்லை. கடையில் இருந்ததிலேயே நல்ல பவர் சப்ளையாக எடுத்துவந்தாள். செங்கல் கனம், தடித்த ஒயர், ஒழுங்கான சோல்டரிங். "வேலை கம்மியா இருந்தா இதுல ஃபேன் சுத்தவே சுத்தாது அங்கிள்" என்று மாட்டி ஸ்விட்சைப் போட்டாள்.

"ஓடுதா?" என்றார் வால்டர். திரையில் சீட்டுக்கட்டு வந்த பிறகுதான் நம்பினார்.

மறுநாள் காலை வினோலியா ஷட்டரைத் தூக்கும்போதே அவர் பெட்டியோடு வாசலில் நின்றிருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"இதை நீயே வெச்சிக்கோம்மா. இதுவும் சத்தம் போடுது."

"காதை ஒட்ட வெச்சாலும் கேக்காதே அங்கிள்!"

"அவங்களுக்குக் கேக்குதே! நேத்தும் தட்டினாங்க. ஆஃப் பண்ணேன். மறுபடியும் தட்டினாங்க. லைட்டு, மேல சுத்துற ஃபேன் எல்லாத்தையும் நிறுத்திட்டு, மூச்சு விடாம உக்காந்துக்கினு இருந்தேன். அப்பவும் விடாம தட்டறாங்க. காலையில பாத்தா வீடு பூட்டிக் கெடக்கு. போய்ட்டாங்க வினோலியா."

அவர் சொல்லி முடிப்பதற்குள் வாசலில் குரல் கேட்டது. "வினோலியா இருக்கியா?"

ஐடா! வால்டர் பதறிப்போய், அடுக்கி வைத்திருந்த பழைய மானிட்டர்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். அந்த வயதில் அவ்வளவு வேகத்தை வினோலியா எதிர்பார்க்கவில்லை.

அவ்வளவு தூரம் நடந்தே வந்த ஐடா மூச்சு வாங்க உள்ளே நுழைந்தாள். "வால்டர் பெட்டியை நேத்து உங்கிட்டதானே கொண்டாந்தாரு? அதை இன்னா பண்ணி வெச்ச நீ? பழைய சத்தம் வர்ற மாதிரியே மாத்திக் குடு."

"ஆண்டி, உங்களுக்குத் தொல்லைன்னுதானே மாத்தினேன்? தெனம் சுவத்தைத் தட்டுவீங்களாமே?"

"தொல்லைன்னு யாரு சொன்னது? நான் படுக்கப் போறேன்னு சொல்றதுக்கு ஒரு தட்டு தட்டுவேன். ஒடனே அந்தச் சத்தம் நிக்கும். 'சரி ஐடா, படு'ன்னு அவர் சொல்ற மாதிரி. எனக்குக் குட்நைட் சொல்ல வேற யாரு இருக்காங்க? அதுக்காகத்தான் லவினா எவ்ளோ கூப்பிட்டும் போகாம இருக்கேன். நேத்து தட்டறேன், தட்டறேன், பதிலே இல்ல. மனுஷன் போய்ட்டாரோன்னு நெனச்சிட்டேன். விடியக்காலையில அவர் இருமினப்புறம்தான் எனக்கு உசுரு வந்துச்சி."

வினோலியா மானிட்டர் அடுக்கைப் பார்த்தாள்.

அதற்குப் பின்னாலிருந்து, மரப்பலகையில் ஒரே ஒரு தட்டு கேட்டது.