ஆறாம் சுருள்

“முப்பது நொடி,” என்றார் தலைமைப் பொறியாளர். நேரம் தவறவே மாட்டார் என்பதால் அவருக்கு மணிக்கூண்டு என்று பெயர் வைத்திருந்தோம்.

அப்போதுதான் எனக்கு ஆறாம் சுருளின் நினைவு வந்தது.

அணு இணைவு உலைக்கலத்தைச் சுற்றிப் பதினெட்டுக் காந்தச் சுருள்கள். மேல்வரிசை ஒன்பதுக்கும் நேற்று கம்பி பொருத்தியவள் நான். கீழ்வரிசை ஒன்பதுக்கும் அண்ணி. என் அண்ணன் மனைவி. எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்தவள். இப்போது பக்கத்து நாற்காலியில் இருந்தாள்.

கலத்துக்குள் எரியும் பிளாஸ்மா சூரியனைவிடச் சூடு. அதன் விளிம்பு அவ்வப்போது பொங்கித் தெறித்துச் சுவரைப் பொசுக்கும். மூடியைச் சற்று விலக்கி வைத்தால் பானை பொங்குவதில்லை அல்லவா? சுருள்களின் காந்தப்புலம் செய்வதும் அதைத்தான். விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும்.

ஒரே ஒரு சுருளில் கம்பி இடம் மாறியிருந்தாலும் போச்சு. பிளாஸ்மா மொத்தமாகப் போய்ச் சுவரில் மோதும். பிறகு ஒரு வருடத்துக்குப் பழுது பார்க்கிற வேலைதான்.

ஆறாவதில் சிவப்புக் கம்பியை எங்கே மாட்டினேன்?

இருபது.

கண்ணாடிக்கு அப்பால் விருந்தினர்கள் வரிசையாக நின்றார்கள். நான் வாயைத் திறந்தால் அண்ணியின் மானமும் சேர்ந்து கப்பலேறும்.

அண்ணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து.

“நிறுத்துங்க சார். ஆறாவது சுருள்ல எனக்குச் சந்தேகமா இருக்கு.”

மணிக்கூண்டு எண்ணுவதை நிறுத்திவிட்டு உலைக்கூடத்துச் சாவியை மேசைமேல் வீசினார்.

அண்ணியும் நானும் உள்ளே போனோம். ஏணியில் ஏறினேன். ஆறாம் சுருளின் இணைப்புப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே சிவப்பு சிவப்பில், கறுப்பு கறுப்பில். எல்லாம் சரி.

“மன்னிச்சிடுங்க அண்ணி,” என்று கீழே பார்த்தேன்.

அண்ணி ஏணிக்கடியில் இல்லை. கீழ்வரிசையில் பதினான்காம் பெட்டியின் முன் மண்டியிட்டு, இரண்டு கம்பிகளையும் கழற்றி இடம் மாற்றி மாட்டிக்கொண்டிருந்தாள்.

“மேல சரியா இருக்குல்ல? இறங்கு,” என்றாள், தலை நிமிராமல்.

திரும்பி வந்தோம். பிளாஸ்மா எரிந்தது. திரையில் விளிம்பின் கோடு ஒரு துள்ளல்கூட இல்லாமல் ஓடி முடிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அண்ணியும்.

“இருபது நிமிஷம் வீணாப் போச்சேம்மா,” என்றார் மணிக்கூண்டு என்னிடம்.

அண்ணி வாய் திறக்கவில்லை. நானும்தான்.

பயம் அத்தோடு போயிருக்க வேண்டும். போகவில்லை.

கீழ்வரிசையில் மற்ற எட்டுப் பெட்டிகளின் மூடியை அண்ணி தொடக்கூட இல்லை. நேராகப் பதினான்குக்குத்தான் போயிருந்தாள்.

பதினான்கில் கம்பி மாறியிருப்பது முப்பது என்றபோதே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பத்து என்றபோதும்.

அடுத்த ஓட்டத்துக்கு எண்ணத் தொடங்கினார்கள். எல்லோரும் திரைக்குத் திரும்பினார்கள்.

நான் அண்ணியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.