இரண்டாவது ஒயர்

"பேரு, விலாசமெல்லாம் உனக்கு எதுக்கும்மா? கனெக்‌ஷன் நம்பர் சொல்லிட்டேன்ல, அதை வெச்சுப் பாரு!"

கைபேசியில் கத்தினார் கண்டக்டர். ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகியும் தெருவில் அவருக்கு அதுதான் பேர். முப்பது வருடம் டிக்கெட் எடுக்காதவர்களைப் பிடித்துப் பிடித்து, உலகத்தில் பாதிப் பேர் ஓசிப் பயணிகள் என்ற முடிவுக்கு வந்திருந்தவர்.

"பரவாயில்ல சார், நம்பரே போதும். எங்களுக்கும் விலாசம் காட்டாது" என்றது பிராட்பேண்ட் கம்பெனிப் பெண்ணின் குரல். "என்ன பிரச்சினை? நிதானமா சொல்லுங்க."

"நிதானமா எங்க சொல்றது? பதினொன்றரைக்கு என் மகன் வெளிநாட்டுலேர்ந்து கூப்பிட்டுப் பேத்தியைக் காட்டப் போறான். பொறந்து நாலு நாள் ஆச்சு. நேத்தும் காட்டினான். ஒரு காதும் கால் நெத்தியும் வந்துச்சு, அதோட படம் நின்னுபோச்சு. காதை மட்டும் பாத்து யார் ஜாடைன்னு சொல்ல முடியுமா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

"முடியாது சார். பதினொன்றரைக்குள்ள முழு முகத்தையும் பாத்துடலாம். ஆனா கோவத்துல போனை மட்டும் வெச்சுடாதீங்க. இன்னிக்கு ஏற்கெனவே ரெண்டு போன் கால் பாதியில அறுந்துடுச்சு. மூணாவதும் அறுந்தா என் வேலை போயிடும். மேலதிகாரி சொல்லிட்டாரு."

"நான் எதுக்கும்மா வெக்கப் போறேன்? காரியம் ஆகணுமே!"

"மோடம் பெட்டியை ஒரு தடவை அணைச்சுப் போட்டுப் பாத்தீங்களா சார்?"

"பாத்தாச்சு. எட்டரைக்கு ஒரு தடவை, பத்து மணிக்கு ஒரு தடவை. அது அசையவே மாட்டேங்குது."

"பெட்டியிலேர்ந்து எத்தனை கம்ப்யூட்டருக்கு ஒயர் போகுது?"

கண்டக்டர் சமையலறைப் பக்கம் திரும்பி முறைத்தார்.

"ரெண்டு. ஒண்ணு என்னுது. இன்னொண்ணு ஜன்னல் வழியா ஓசியில வெளிய போகுது. எல்லாம் எங்க வீட்டம்மா பண்ணின தர்மம்!"

"புதுசாக் குடி வந்த பொண்ணு. சொந்த லைன் கிடைக்கிற வரைக்கும்னு கேட்டா, குடுத்தேன்" என்று மனைவி ஈரக் கையோடு எட்டிப் பார்த்தாள். "அதுல உங்களுக்கு என்ன குறைஞ்சுபோச்சு?"

"என் பேத்தி மூஞ்சியில முக்கால்வாசி குறைஞ்சுபோச்சு!"

அந்த ஒயர் போன மாடி வீட்டுக்காரர்களோடு அவர் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசினால் சிரிப்பார்கள், சிரித்தால் ஏதாவது கேட்பார்கள் என்று அவருக்குப் பயம். புருஷன் விடிந்ததும் கிளம்பிவிடுவான். பெண்டாட்டி பகல் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடப்பாள்.

"படம்தாம்மா பாக்கறா, வேற என்ன? பொழுது விடிஞ்சா ஆரம்பிச்சு விளக்கு வெக்கிற வரைக்கும். டிக்கெட் என்னுது, ஜன்னல் சீட்டு அவளுக்கு!"

"சிலர் அப்படித்தான் சார். அடுத்தவங்க லைன்னா இழு இழுன்னு இழுப்பாங்க."

கண்டக்டருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "கேட்டுக்கோ! விவரம் தெரிஞ்ச பொண்ணு சொல்லுது" என்றார் மனைவியிடம்.

"மணி பதினொண்ணு இருபத்தெட்டு சார். அந்த ரெண்டாவது ஒயரைக் கழட்டிடுங்க. பேத்தியைப் பாத்துட்டு அப்புறமா மாட்டிக்கலாம்."

"ஏங்க, ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கழட்டுங்களேன்" என்றாள் மனைவி. "அவ என்ன அவசரத்துல இருக்காளோ!"

"கம்பெனியே சொல்லுது, நடுவுல நீ என்ன?"

போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு குனிந்தார். ஒரே இழுப்பு. ஓடுகிற பஸ்ஸை நிறுத்தி ஓசிப் பயணியை நடுரோட்டில் இறக்கிவிட்ட திருப்தி.

"இறக்கி விட்டுட்டேம்மா! இப்பப் பாரு."



"ஹலோ? யம்மா? ஹலோ!"

மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"பாத்தியாடி? என்னை வெக்காதீங்க வெக்காதீங்கன்னு சொல்லிட்டு, அது வெச்சுட்டுப் போயிடுச்சு. யாரைத்தான் நம்பறது!" என்றவர் போனைக் காதை விட்டு எடுக்காமல் இன்னும் நாலு ஹலோ போட்டார்.

மாடிப்படியில் தடதடவென்று காலடிச் சத்தம். மேல்வீட்டுப் பெண் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கழுத்தில் ஹெட்போன் தொங்கியது.

"அம்மா, லைன் போச்சும்மா! எனக்குக் கம்பெனி கால் எல்லாம் கம்ப்யூட்டர்லதான் வரும், இன்னிக்கு இது மூணாவது... என் வேலை போகட்டும்மா, பேத்தி முகம் பாக்கணும்னு ஒரு பெரியவர், பாவம், போனைக் காதுல வெச்சுக்கிட்டு ஹலோ ஹலோன்னு கத்திக்கிட்டு இருப்பாரும்மா!"

மேஜை மேல் கம்ப்யூட்டரில் மகனின் அழைப்பு மணி அடிக்கத் தொடங்கியபோது, கண்டக்டர் மேஜைக்கு அடியில் மண்டியிட்டு, அந்த ஒயரைச் சொருக ஓட்டை தேடிக்கொண்டிருந்தார்.