ஆர்டிஸ் வீட்டுப் பெட்டிகள்

"இன்னிக்கும் நாலு! எண்ணிப் பாருங்க பாஸ்டரம்மா" என்று சொல்லிக்கொண்டே மார்லிஸ் காரை ஓரம் கட்டினாள்.

பக்கத்தில் இருந்த பாஸ்டர் மனைவி டார்லீன் எண்ணவில்லை. மடியில் கிடந்த கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெருக்கோடி வீடு ஆர்டிஸுடையது. வாசலில் பனியை வழித்து ஒதுக்கிய இடத்தில், டெலிவரி வேன் அப்போதுதான் இறக்கிவிட்டுப் போன நாலு அட்டைப்பெட்டி.

தவக்காலம் ஆரம்பித்த அன்றைக்குப் பாஸ்டர் சர்ச்சில் கேட்டார்: "ஞாயித்துக்கிழமை இங்க ஒரு மணி நேரம் உட்கார்றோம். மிச்ச ஆறு நாளும் போனைத் திறந்து கடையைத்தான் கும்பிடறோம். ஈஸ்டர் வரைக்கும் சாப்பாடு, மருந்து தவிர புதுசா எதுவும் வாங்காம இருக்க முடியுமா நம்மால?"

முடியும் என்று நாற்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். தாளை நீட்டி நீட்டி வாங்கினவள் மார்லிஸ்தான்.

"வேன் வர்றது பதினோரு மணிக்கு. பத்தே முக்காலுக்கே ஜன்னல்ல வந்து நின்னுடறா. சாமி ஊர்வலம் வர்ற மாதிரி!" என்று மார்லிஸ் ஆர்டிஸ் வீட்டு ஜன்னலைக் காட்டினாள்.

"விட்டுடுங்க மார்லிஸ். வயசானவ. தனியா வேற இருக்கா."

"எனக்கும்தான் வயசாச்சு. நாலு வாரமா ஒரு ஊசி வாங்கியிருப்பேனா?"

கார் நின்றதைப் பார்த்ததும் ஆர்டிஸ் செருப்புக்காலோடு வெளியே ஓடி வந்தாள். பெட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்தாள்.

"பாத்தீங்களா, பாத்தீங்களா! ஒளிக்கிறா!"

இரண்டு பேரும் உள்ளே போனார்கள். முன்னறையில் ஏற்கெனவே ஏழு பெட்டி இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கம்பளியைப் போர்த்தியிருந்தாள் ஆர்டிஸ்.

"வாங்க, வாங்க. காபி போடட்டுமா?"

"காபி கிடக்கட்டும். கம்பளியை எடுடி" என்று மார்லிஸ் கையை நீட்டினாள். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். இந்த வயதிலும் வாடி போடிதான்.

ஆர்டிஸ் சட்டென்று கம்பளி மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எழுந்திரு."

"கால் வலிக்குதுடி."

"நாற்காலி இருக்கே!"

"இது மெத்துன்னு இருக்கு."

"ஆர்டிஸ், கையெழுத்துப் போட்டியா இல்லியா?"

"போட்டேன்."

"அப்புறம் இதெல்லாம் என்ன?"

ஆர்டிஸ் டார்லீனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"தப்புதான். என் பேரை அடிச்சிடு."

"பேரை அடிச்சா முடிஞ்சு போச்சா? சத்தியத்தை உடைச்சவ ஈஸ்டர் அன்னிக்கு எல்லார் முன்னாடியும் உட்கார்ந்து ஆர்கன் வாசிக்கறதா? நல்லாவா இருக்கும்?"

முப்பத்தொரு ஈஸ்டருக்கு ஆர்டிஸ்தான் வாசித்திருக்கிறாள். புருஷனை அடக்கம் செய்த வாரத்தில்கூட வாசித்தாள். இந்தக் குளிர்காலம் பூராவும், வீங்கின விரல்களை வெந்நீரில் முக்கி எடுத்து, ஒரு புதுப் பாட்டைப் பழகிக்கொண்டிருந்தாள். அது மார்லிஸுக்கும் தெரியும்.

"அப்போ யாரு வாசிப்பா?"

"ஸ்பீக்கர்ல போட்டுக்கலாம்."

"ஸ்பீக்கர்லயா..." ஆர்டிஸின் விரல்கள் கம்பளியை ஒரு தடவை அழுத்தின. "சரி. கடைசிப் பாட்டை மட்டும் கொஞ்சம் மெதுவாப் போடச் சொல்லு. நம்ம கிழடுங்களுக்கு மூச்சு வாங்கும்."

மார்லிஸுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் சொன்னது சொன்னதுதான். "வாங்க பாஸ்டரம்மா, போகலாம்."

"நீங்க போய்க் காரை சூடு பண்ணுங்க. இதோ வரேன்."

மார்லிஸ் போய்க் காரில் உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷம் ஆச்சு. பத்து ஆச்சு. 'இந்தப் பாஸ்டரம்மாவுக்கு மனசு ரொம்ப இளகினது, உள்ளே உட்கார்ந்து ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கும்' என்று நினைத்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. டார்லீன் ஒரு பெரிய பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தாள். மூக்கு சிவந்திருந்தது. குளிராலா அழுகையாலா, தெரியவில்லை.

"நல்லதாப் போச்சு! சாட்சிக்கு ஒண்ணு எடுத்துட்டு வந்துட்டீங்களா?"

"ஆமா. மேல ஒட்டியிருக்கிற பேரைப் படிங்க" என்று டார்லீன் பெட்டியை அவள் மடியில் வைத்தாள்.

மார்லிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். விலாசம் ஆர்டிஸ் வீட்டு விலாசம். பேர் மட்டும் டார்லீன் ஓஸ்பி.

"உள்ள ஏர் ஃப்ரையர் இருக்கு. வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு, இது அதைவிடப் பெரிசு. பாஸ்டர் கண்ணுல படக்கூடாதுன்னு இங்க அனுப்பச் சொன்னேன்."

"நீங்களா?"

"நான் மட்டும் இல்ல. அந்தப் பதினோரு பெட்டியும் கையெழுத்துப் போட்டவங்களோடது. யாரு கேட்டாலும் மாட்டேன்னு சொல்ல ஆர்டிஸுக்கு வாய் வரல. வெளியில கிடந்தா யாராவது பேரைப் படிச்சிடுவாங்கன்னுதான் பத்தே முக்காலுக்கே வந்து நிக்கிறா. அவ வாங்கினது அதுல ஒண்ணுகூட இல்ல."

"அப்போ ஏன் அவ வாயைத் திறக்கல?"

"அவ எங்களுக்காகத் திறக்கல. நான் எனக்காகத் திறக்கல" என்றாள் டார்லீன். "ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு நானே சொல்லிடறேன். ஈஸ்டருக்கு அவதான் வாசிக்கணும்."

மார்லிஸ் காரை எடுக்கவில்லை. பனி கண்ணாடியில் விழுந்து விழுந்து உருகியது. மடியில் இருந்த பெட்டியை மெதுவாகத் திருப்பிக் கொடுத்தாள்.

"பக்கத்துல நானும் நிக்கறேன் பாஸ்டரம்மா" என்றாள். "என்னோடதெல்லாம் அடுத்த ஊர்ல தங்கச்சி வீட்டுக்கு வருது."