விழுந்தாலும் எரியணும்

"கீழ விழுந்தா ஒடையுமுங்களா?"

எந்த ஃபிளாஷ் லைட்டை எடுத்து வைத்தாலும் அந்த மனிதர் இதையேதான் கேட்டார். காலையிலிருந்து நின்று நின்று எனக்குக் கால் மரத்துப் போயிருந்தது. முகூர்த்த சீசனில் கோயமுத்தூர் கேமரா கடை சேல்ஸ்மேனுக்கு நாற்காலி எதற்கு?

"ஏன் சார், நீங்க போட்டோ எடுக்கப் போறீங்களா, சிதறுகாய் போடப் போறீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. பெயர் சென்னகிருஷ்ணன், கோபிசெட்டிபாளையத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். விடியற்காலைக் கல்யாணத்தை முடித்துவிட்டு, தூங்காமல் நேரே பஸ் ஏறி வந்திருக்கிறார். கண் இரண்டும் கோவைப்பழம். பின்னால் அவர் மனைவி வெங்கடலட்சுமி. பாவம், அந்தம்மா அவரைவிடக் களைத்திருந்தார்.

பெரிய லைட்டைத் தூக்கி வைத்தேன். "இது இரும்பாட்டங்க சார். மண்டபம் பூரா வெளிச்சம் அடிக்கும்."

"லட்சுமி, புடிச்சுப் பாரு."

அந்தம்மா தூக்கினார். தாங்க முடியாமல் கீழே வைத்துவிட்டார்.

கை கொடுத்திருக்கலாம் அல்லவா? மனிதர் அந்தப் பக்கம் திரும்பி, சுவரில் தொங்கிய கேமரா பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்!

"கனமில்லாததா காட்டுங்க தம்பி. ஒடையவும் கூடாது."

"கனமில்லாதது ஒடையும், ஒடையாதது கனக்குமுங்க. ரெண்டும் ஒண்ணா வேணும்னா, மாமியார் மெச்சுன மருமகளைத் தேடற மாதிரிதான்."

"தேடுங்க. நாங்க இருக்கறோம்."

கிளம்புகிற உத்தேசமே இல்லை. எனக்கும் அலுத்துவிட்டது.

"எதுக்குச் சார் கையில புடிக்கறது? ஸ்டாண்டுல மாட்டுங்க. இல்லீன்னா ஒரு ஆளைப் போட்டுக்குங்க."

"லைட்டு இவதான் புடிப்பா," என்றார் வெட்டினாற்போல்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆள் கூலியை மிச்சம் பண்ண, கட்டின பெண்டாட்டியைப் பாடாய்ப் படுத்துகிற ரகம்! நமக்கென்ன, வந்தோமா விற்றோமா என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கடைசியாகச் சின்னது ஒன்றை எடுத்தேன். பேட்டரி உள்ளேயே இருக்கும். சுற்றிலும் ரப்பர் வளையம்.

"ஆனா வெளிச்சம் கம்மிங்க. பெரிய மண்டபத்துக்குப் பத்தாது."

"பத்தாட்டி நான் கிட்டப் போயி எடுத்துக்கறேன். லட்சுமி, இதப் புடி."

அந்தம்மா வாங்கித் தலைக்கு மேலே தூக்கினார். அடுத்த நொடி அது பொத்தென்று தரையில் விழுந்தது.

அந்தம்மாவின் முகம் வெளுத்துப் போனது. அவசரமாகக் குனிந்து, இடது கையால் எடுத்து, பட்டனை அமுக்கினார். பளிச்!

"ஏனுங்க, எரியுதுங்க!"

அப்போதும் மனிதர் பைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மெல்லத் திரும்பி, "எது?" என்றார். பிறகு என்னிடம், "இதையே போட்டுருங்க தம்பி."

அந்தம்மா முகம் கழுவ உள்ளே போனதும் என்னால் அடக்க முடியவில்லை.

"ஏன் சார், அம்மா கையில இருந்து லைட்டு விழுந்துச்சு. கால்ல கீல பட்டிருந்தா? நீங்க பாட்டுக்குப் பையைப் பாத்துட்டு நிக்கறீங்க!"

"பாத்தேன் கண்ணு," என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"தை மாசம் இவளுக்குப் பக்கவாதம் வந்துச்சு. சாமி புண்ணியம், பொழைச்சுட்டா. வலது கையில மட்டும் புடிமானம் இல்லீங்க. ஸ்டாண்டு வாங்கிக்கலாம்னேன். 'அப்ப நான் எதுக்குங்க?'ன்னு கேட்டுப்போட்டா. கல்யாணமானதுல இருந்து எனக்கு லைட்டு புடிக்கறவ. என்னன்னு சொல்றது?"

சிவந்த கண்களைத் தேய்த்துக்கொண்டார்.

"இன்னைக்குத் தாராபுரத்துல, தாலி கட்டற நேரம் பாத்து லைட்டு நழுவிருச்சு. தூள்தூளாப் போச்சு. மண்டபமே திரும்பி இவளைப் பாத்துது. சகுனம் சரியில்லைன்னு ஒரு அம்மா வேற சொல்லிப்போட்டாங்க. இனி எந்தக் கல்யாணத்துக்கும் வரமாட்டேன்னு பஸ்ஸுல அழுதுட்டே வந்தா."

உள்ளே குழாய் மூடும் சத்தம் கேட்டது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒடஞ்சா ஊரே பாக்குதுங்க. ஒடையலைன்னா, நானாவது பாக்காத மாதிரி இருந்துக்கலாம் பாருங்க."